பிரபுக்கள் கேட்ட சுதந்திரம்

சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் அது துப்பாக்கி முனையில் வந்தது. போலந்து நாட்டில் நான்கு ஆண்டு ரத்தம் ஓடியதற்கு இதுவே ஆரம்பம்.

1764-ல் ஸ்தானிஸ்லாவ் பொனியாடோவ்ஸ்கி போலந்தின் ராஜா ஆனார். ருஷிய சக்கரவர்த்தினி காதரீனின் பழைய காதலர் அவர். அந்தத் தயவில் கிடைத்த கிரீடம் அது. பெயருக்குத்தான் அவர் ராஜா. உத்தரவு போட்டவர் ருஷியத் தூதர் ரெப்னின்.

"கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் உரிமை கொடு" என்றது ருஷியா. எதிர்த்துப் பேசிய பிஷப்புகளையும் பிரபுக்களையும் 1767-ல் ரெப்னின் கைது செய்து ருஷியாவுக்கு அனுப்பினார். சபை நடுங்கிப் பணிந்தது. சொந்த நாட்டுச் சபையில் அந்நியத் தூதர் கைது செய்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

1768 பிப்ரவரி 29-ந் தேதி, பார் என்ற ஊரில் பிரபுக்கள் கூடினார்கள். மதத்தையும் சுதந்திரத்தையும் காக்க வாள் எடுத்தார்கள்.

யாருடைய சுதந்திரம்? போலந்துச் சபையில் ஒரே ஒரு பிரபு "கூடாது" என்றால் போதும், எந்தச் சட்டமும் நின்றுவிடும். அதைத்தான் சுதந்திரம் என்றார்கள். அவர்களுடைய நிலத்தில் அடிமைபோல் உழுத குடியானவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீரத்துக்குக் குறைவில்லை. காசிமிர் புலாஸ்கி என்ற இளைஞர் செஸ்டகோவா மடத்தைக் கோட்டையாக்கிக்கொண்டார். முற்றுகையிட்ட ருஷியர்கள் 1771 ஜனவரியில் வெறுங்கையோடு திரும்பினார்கள். குறைந்தது ஒற்றுமைதான். உதவிக்கு வந்த பிரெஞ்சு அதிகாரி டுமூரியே சொல்லுக்குப் புலாஸ்கி கட்டுப்படவில்லை. அவர் வழி தனி வழி. அதே ஆண்டு மே மாதம் லாண்ட்ஸ்கொரோனா குன்றில் டுமூரியே பீரங்கிகளுடன் காத்திருந்தார். ருஷியத் தளபதி சுவோரோவின் கொசாக்குக் குதிரைப் படை மேட்டில் பாய்ந்து ஏறியது. பிரபுக்களின் படை சிதறி ஓடியது.

நவம்பர் 3-ந் தேதி இரவு, பெரிய தவறு ஒன்று நடந்தது. வார்சா தெருவில் ராஜாவின் வண்டியை மறித்து, அவரைக் காயப்படுத்தித் தூக்கிப் போனார்கள் கலகக்காரர்கள். இருட்டில் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மிஞ்சிய ஒருவன் மனம் மாறினான், ராஜா தப்பினார். ஐரோப்பா முழுவதும் முகம் சுளித்தது. "பார், இதுதான் போலந்து" என்று சொல்லிக்கொள்ள அண்டை நாடுகளுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

1772 பிப்ரவரியில் ஒரு சிறு படை சாக்கடை வழியே ஊர்ந்து போய்க் கிராக்கோ அரண்மனைக் கோட்டையைப் பிடித்தது! என்ன துணிச்சல்! வெளியே சுவோரோவ், உள்ளே பட்டினி. ஏப்ரலில் சரண் அடைந்தார்கள்.

ஆகஸ்டு 5-ந் தேதி ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் ஒப்பந்தம் எழுதின. போலந்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பறிபோனது. பிடிபட்ட கலகக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ருஷியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1795-ல் மிச்சமும் போயிற்று. போலந்து மறுபடி தனி நாடானது 1918-ல்.

புலாஸ்கி தப்பி, 1777-ல் அமெரிக்கா சேர்ந்தார். அங்கே வாஷிங்டன் படையில் குடியானவர்களும் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். அவர்களுக்காகப் போரிட்டு, 1779-ல் சவானா நகர்ச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தார்.