ஜுரமும் மனசுக்குச் சாப்பிடும் மாத்திரையும்

ஐப்பசி பிறந்தால் போதும், தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு ஜுரம். கஞ்சியும் மிளகு ரசமுமாக ஓட்டிவிடுகிறோம். ஆனால் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அந்த ஜுரத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பெரிய நாத்தனார் பல வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறார். போன மழைக்காலத்தில் அவருக்கு வாந்தியும் பேதியும். இரண்டாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, நடை தள்ளாடியது, பேச்சும் குழறியது. "அண்ணி, அந்த மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றேன். "வேண்டாம்மா, தெருவிலே நாலு பேருக்குத் தெரிஞ்சுடும்" என்றார். நான் விடவில்லை. மாத்திரைச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றி, சரியாகும்வரை அந்த மாத்திரையை டாக்டரே நிறுத்திவைத்தார்.

காரணம் இதுதான். லித்தியம் உப்பு வகையைச் சேர்ந்தது. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இதன் பலனை எழுதினார். இது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றினால், சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் அளவை ஏற்றும். பொதுவாக ஜுரத்துக்குப் பாராசிட்டமால்தான் தேவலை.

க்ளோசபைன் கதை வேறு. அதை உடைத்து வெளியேற்றுவது ஈரல். உடம்பு கிருமியோடு போராடும்போது அந்த வேலை மந்தமாகிவிடும். வழக்கமான மாத்திரையே ரத்தத்தில் இரண்டு மடங்காக நிற்கலாம். நாள் முழுக்கத் தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்புகூட வரலாம். ஜுரத்துக்காகத் திடீரென்று சிகரெட்டை நிறுத்தினாலும் அளவு ஏறும்! இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியோடு ஜுரம் வந்தால், அன்றைக்கே வெள்ளை அணுக்களைப் பார்க்கச் சொல்வார்கள்.

தடுப்பூசி? 2021-ல் கொரோனா ஊசி வந்த பிறகு, சிலருக்கு மட்டும் க்ளோசபைன் அளவு கொஞ்ச நாள் ஏறியதாக டாக்டர்கள் எழுதினார்கள். அதற்காக ஊசியைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஊசி போட்டபின் சில நாள் கவனித்தால் போதும். நாமாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பேசுகிற ஊர் நம்முடையது. 1794-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன் என்ற பெண்மணி. 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தையும் ஆரம்பித்தார். அவ்வளவு பாடுபட்டும் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிற வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு. காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.