குண்டு விழுந்த தூரம்

அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையையும், எந்தச் சிக்கலுக்கும் படையையே மருந்தாகக் கருதும் இராணுவவாதம் என்னும் அதன் போக்கையும் கண்டிக்கும் அறிஞர்களும் இதழாளர்களும் இடதுசாரிகளாகவோ அமெரிக்க வெறுப்பாளர்களாகவோதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பிவிட்டு அந்த நாட்டையே ஏசுவதா என்ற ஏளனமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். சொன்னவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டால், சொன்னது என்ன என்று பார்க்கும் வேலை மிச்சம் என்ற சோம்பலே இதன் ஆணிவேர்.

இதற்கான மறுப்பைத் தேடித் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று 1952இல் அறிவித்தவரும், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவருமான ராஜாஜி, அமெரிக்கா பசிபிக் தீவுகளில் வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளை மீண்டும் தொடங்கிய 1962ஆம் ஆண்டின் செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் தம் 83ஆம் வயதில் வாஷிங்டன் சென்று, சோதனைகளைக் கைவிடுமாறு அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். சில நிமிடங்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்தச் சந்திப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இவரை மாஸ்கோவின் ஆள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவிலும் கண்டனம் பெரும்பாலும் உள்ளிருந்தே எழுந்தது. ஆயுத ஆலைகளும் படைத்தலைமையும் ஒன்றையொன்று தாங்கி வளரும் படைத்துறை–தொழில்துறைக் கூட்டைப் பற்றி 1961இல் எச்சரித்தவர், இரண்டாம் உலகப்போரில் தளபதியாக இருந்து அதிபரான ஐசனோவர். 2005இல் அமெரிக்க இராணுவவாதத்தைப் பற்றி நூல் எழுதிய ஆண்ட்ரூ பேசவிச், வியட்நாமில் போரிட்ட அதிகாரி, பழமைவாதி, கத்தோலிக்கர். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் குறித்த அரசுக் கூற்றை 2002இலேயே ஐயுற்ற ஜோனதன் லேண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் ஆகிய செய்தியாளர்கள் கொள்கைப் போர் எதையும் நடத்தவில்லை. அமைச்சர்களின் பேச்சை அரசு அதிகாரிகளிடமே கேட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். போர் முடிந்தும் அந்த ஆயுதங்கள் கிடைக்கவில்லை.

வியட்நாமுக்காக முழங்கியவர்களில், 1956இல் ஹங்கேரிக்குள்ளும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ளும் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது வாய்மூடியிருந்தவர்களும் உண்டு. அது அவர்களுடைய நேர்மைக்குக் குறைவே. ஆயினும் அவர்கள் சொல்லாமல் விட்டது, சொன்னதைப் பொய்யாக்கிவிடாது.

இதெல்லாம் கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூருக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. ரஷ்ய எண்ணெயை வாங்கியதற்கான தண்டனையும் சேர்ந்து, 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது முந்திரிப் பருப்பும் அதில் அகப்பட்டது. முந்திரியை நம்பி வாழும் ஊருக்கு வெளியுறவுக் கொள்கை தொலைவான செய்தியன்று.

வணிகத்தின் பின்னால் பீரங்கி வருவதையும் இந்த மாவட்டம் முன்பே கண்டிருக்கிறது. 1690இல் கடலூர்க் கடற்கரைக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராட்டியரிடம் வாங்கியவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்குகிறது. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு போய் விழும் தூரம் வரையிலான நிலமெல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். அந்த எல்லைக்குள் சிக்கியவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1781இல் சிதம்பரம் கோயிலே ஹைதர் அலி படையின் அரணாக, அதைக் கம்பெனிப் படை தாக்கித் தோற்றது.

கம்பெனி ஊழியர்கள் ஆர்க்காட்டு நவாபுக்குக் கொடுத்த கடனையும், அதன் பெயரால் அவர் ஆண்ட கர்நாடகப் பகுதியின் குடிகள் பிழியப்பட்டதையும் 1785இல் லண்டன் நாடாளுமன்றத்தில் கண்டித்து நெடிய உரையாற்றியவர் எட்மண்ட் பர்க். பிற்காலத்தார் அவரைப் பழமைவாதத்தின் தந்தை என்று போற்றினார்களே தவிர, இங்கிலாந்தின் பகைவர் என்று பட்டியலில் சேர்க்கவில்லை.