இருதயப் பையில் நீர்

கால் வீங்கிய பாட்டிக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த ‘நீர் மாத்திரை’யில் பத்து அலமாரியில் மிஞ்சியிருக்கும். சில மாதங்களுக்குப் பின் வீட்டில் வேறொருவருக்கு, “இருதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது” என்று சோதனையில் தெரியவரும். உடனே அலமாரியை நோக்கிக் கை நீளும். “அதுவும் நீர், இதுவும் நீர்தானே!” என்பது நம்மவர் தர்க்கம். இத்தர்க்கம் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதை நேயர்கள் அறியவேண்டும்.

நம் இருதயம் மெல்லிய பையொன்றினுள் இருந்து துடிக்கிறது. அப்பையில் 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருப்பது இயற்கையே. உராய்வின்றித் துடிப்பதற்கு அது துணை செய்கிறது. அந்நீர் மெல்ல மெல்லப் பெருகினால் ஒரு லிட்டர்கூடப் பை தாங்கும். விரைந்து பெருகினாலோ 150 மில்லிலிட்டரே இருதயத்தை நெருக்கிவிடலாம். அவ்வாறு நெருக்குண்ட இருதயம் நிரம்புவது, அதற்குத் திரும்பும் இரத்தத்தின் அழுத்தத்தினால்தான். நீர் மாத்திரையோ அந்த இரத்தத்தின் அளவையே குறைக்கிறது. பையிலுள்ள நீர் வற்றுமுன் நோயாளியின் இரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

அப்படியானால் மருந்தே இல்லையா? உண்டு, ஆனால் அது நீருக்கன்று, நீர் வந்த காரணத்திற்கு.

வைரஸ் கிருமியால் பை அழற்சியுற்றிருந்தால் ஆஸ்பிரின் அல்லது ஐபுப்ரோபென் கொடுத்து, அத்துடன் கால்ச்சிஸினும் சேர்ப்பார்கள். இந்தக் கால்ச்சிஸின் நமக்கு அந்நியமன்று. நம் வேலிகளில் தீச்சுடர்போல் மலரும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது இருக்கிறது. அவ்விதைக்காகவே தமிழ்நாட்டில் செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். பை அழற்சி கண்ட 240 பேரைக் கொண்டு இத்தாலியில் நடந்த பரிசோதனையின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. வழக்கமான மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 37.5 பேருக்கு நோய் நீடித்தது அல்லது திரும்ப வந்தது. கால்ச்சிஸினும் சேர்த்து உண்டவர்களில் 16.7 பேருக்கே அவ்வாறாயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தோண்டப் புறப்பட வேண்டாம். மருந்தின் அளவு அரை மில்லிகிராம். கிழங்கோ கொடிய நஞ்சு, உண்டு மாண்டவர் பலர்.

நம் நாட்டில் க்ஷயரோகமும் இதற்கு ஒரு முக்கிய காரணம். அதற்கு ஐசோனியாஸிட், ரிபாம்பிஸின் முதலிய மருந்துகளைக் குறைந்தது ஆறு மாதமாவது விடாமல் உண்ணவேண்டும். நடுவில் நிறுத்துவது பெருந்தவறு. தைராய்டு சுரப்பி குன்றியதால் சேர்ந்த நீர், அச்சுரப்புக்கு ஈடான மாத்திரையை உண்டுவரப் படிப்படியாக வற்றும்.

மூச்சுத் திணறல், கழுத்து நரம்புப் புடைப்பு, மயக்கம் ஆகியவை சேர்ந்து கண்டால் மாத்திரைக்குக் காத்திருத்தல் தகாது. ஊசி செலுத்தி நீரை வெளியேற்றுவதே அப்போது உயிர் காக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகையால், “நீர் வற்ற என்ன மருந்து?” என்று அலமாரியைக் கேளாதீர்கள். “இந்த நீர் ஏன் வந்தது?” என்று வைத்தியரைக் கேளுங்கள்.