நான்காண்டுக் காவல்

படைவீரனுக்கும் நாட்டுக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை உண்டு. உயிரையே ஈடாக வைக்க வீரன் இசைகிறான். அவனையும் அவன் குடும்பத்தையும் கைவிடுவதில்லை என நாடு இசைகிறது. 2022 ஜூன் 14 அன்று நடுவண் அரசு அறிவித்த அக்னிபத் திட்டம், வீரனின் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு நாட்டின் பங்கை மட்டும் சுருக்கிவிட்டது. இதுவே நமது குற்றச்சாட்டு.

திட்டம் யாதெனக் காண்போம். 2022-இல் அறிவிக்கப்பட்டபடி, பதினேழரை வயது முதல் இருபத்தொரு வயது வரையுள்ள இளைஞர் நான்காண்டுகளுக்குப் படையில் சேர்க்கப்பட வேண்டும். 2022 அறிவிப்பின்படி, அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலையாகத் தொடரலாம். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன் வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியமில்லை; பணிக்கொடையில்லை; முன்னாள் படைவீரர் என்னும் தகுதியுமில்லை. முதல் அணியினரின் நான்காண்டுகள் 2026 இறுதியிலிருந்து நிறைவுறத் தொடங்கும் வேளையில், இதனை ஆராயாது விடுவது நமக்கு அழகன்று.

ஆசியா மாறிவருகிறது, நம் எல்லையும் மாறிவிட்டது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நிகழ்ந்த மோதலில் நம் வீரர் இருபதுபேர் மாண்டனர். அதன்பின் இமயத்தின் பனிச்சரிவுகளில் இருபுறமும் பல்லாயிரக்கணக்கான வீரர்கள் குளிர்காலத்திலும் நிலைகொண்டனர். 2024 அக்டோபரில் சுற்றுக்காவல் குறித்து உடன்பாடு ஏற்பட்டது நன்றே. ஆனால் படைகள் பழையபடி பாசறைக்குத் திரும்பிவிட அதுவே போதுமானதாக இருக்கவில்லை. நெடுங்காலம் விழித்திருக்க வேண்டிய எல்லைக்குக் குறுங்காலக் காவலரை ஆயத்தம் செய்வது எவ்வகை அறிவு?

கல்வானில் வீழ்ந்தோருள் ஒருவர் நம் இராமநாதபுர மாவட்டத்து ஹவில்தார் பழனி. வீரச்செயலுக்காக, இறந்தபின் வீர் சக்ரா விருது பெற்றவர். அவர் இருபதாண்டுகளுக்கு மேல் படையில் பணியாற்றியவர். அன்றிரவு முன்னின்றது இத்தகைய பழுத்த அனுபவமே. அக்னிவீரனுக்கோ நான்காண்டுகளில் ஏறத்தாழ அரையாண்டு பயிற்சியிலேயே கழிகிறது. மலையின் காற்றையும் எதிரியின் நடையையும் உடன்நிற்பவனின் மனத்தையும் அவன் கற்றறியும்போது, விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. பேரிடரிலும் சிதையாத வன்கண்மை, வழிவழி வந்த தொல்படைக்கே உரியது என வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் உரைப்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். ஆட்சிப் பீடத்தில் ஏறியதும் மறந்துவிடலாமா?

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையோடு கேட்போம். ஓய்வூதியச் சுமை படையின் நவீனமயத்தை விழுங்குகிறது என்பது முதல் வாதம். 2022-23 பாதுகாப்பு ஒதுக்கீடான 5.25 இலட்சம் கோடி ரூபாயில் ஏறத்தாழ 1.19 இலட்சம் கோடி ஓய்வூதியத்துக்குச் சென்றது உண்மையே. ஆனால் அத்தொகையில் பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர் ஓய்வூதியமும் அடங்கும். அவர்களுக்கு நான்காண்டுத் திட்டமில்லை. மேலும், பழைய முறையில் 2022-இல் சேரும் சிப்பாய் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் பணிசெய்த பின்னரே ஓய்வூதியம் பெறுவான். எனவே இத்திட்டத்தால் ஓய்வூதியத்தில் மிச்சமாகும் முதல் ரூபாய், 2037-க்கு முன் கருவூலத்தை எட்டாது. ஆபத்தோ இன்று நிற்கிறது. நாளைய சேமிப்புக்காக இன்றைய வலிமையை அடகுவைப்பது சிக்கனமாகாது.

படை இளமையாக வேண்டும் என்பது இரண்டாம் வாதம். இளமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அனுபவமுள்ள நடுவயதினரின் கீழ் நிற்கும்போதுதான் இளமை வலிமையாகிறது. 2025 மே மாத மோதலில் அக்னிவீரர்கள் திறம்படப் பணியாற்றினர் எனச் சிலர் சுட்டுகின்றனர். அவர்தம் துணிவை நாம் ஒருபோதும் ஐயுற்றதில்லை. அத்துணைத் திறமுடையோரில் நால்வருள் மூவரை ஏன் வெளியேற்ற வேண்டும் என்றே வினவுகிறோம்.

அண்டை நாட்டுறவும் இதனால் ஊறுபட்டது. 1947-ஆம் ஆண்டு இந்தியா, பிரிட்டன், நேபாளம் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே நேபாளக் கூர்க்கர் நம் படையில் சேர்ந்து வந்தனர். புதிய திட்டம் அவ்வுடன்பாட்டோடு பொருந்தாது எனக் கருதிய நேபாளம், 2022-இல் ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது. இமயத்தில் சீனத்தின் செல்வாக்கு வளர்ந்துவரும் காலத்தில், நேபாளத்துச் சிற்றூர்தோறும் இந்தியாவுக்கு நண்பர்களை உருவாக்கித் தந்த ஒரு பழம்பாலத்தை நாமே தளரச் செய்தோம். எந்தத் தூதரகம் இதனை ஈடுசெய்யும்?

யாவற்றினும் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. பணியின்போது உயிர்நீக்கும் அக்னிவீரனின் குடும்பத்துக்குக் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு. பிற வீரர்களின் குடும்பத்துக்குரிய குடும்ப ஓய்வூதியம் இல்லை. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்கு இருவர் இரையானால், ஒருவனின் தாய்க்கு ஒரு நீதி, மற்றவனின் தாய்க்கு வேறு நீதி. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024-இல் அக்குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் வழங்கப் பரிந்துரைத்தது. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒருங்கே அமர்ந்த குழு அது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு வேற்றுமையற்ற ஓய்வூதியம் வேண்டும். தகுதியுடைய அக்னிவீரருள் பெரும்பான்மையோர் படையில் தொடர வழி வேண்டும். இத்திட்டத்தின் பயனும் கேடும் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட வேண்டும். விமானமும் ஏவுகணையும் விலைக்குக் கிடைக்கும். நாடு தன்னைக் கைவிடாது என்னும் வீரனின் நம்பிக்கை எச்சந்தையிலும் கிடைக்காது.