டிரைவர் மட்டும்தானா குற்றவாளி?

2023 செப்டம்பர் 30-ந் தேதி, நீலகிரியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கொண்டிருந்த ஒரு சுற்றுலா பஸ், குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் உருண்டது. எட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். பிரயாணிகள் தென்காசி மாவட்டம் கடையம் பகுதி ஜனங்கள். நமக்கு அடுத்த மாவட்டத்துக்காரர்கள்.

கடம்பூரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் இதேபோலத்தான் பஸ் புறப்படுகிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்கள் வாரா வாரம் பத்தும் இருபதுமாகச் சேர்த்து, வருஷத்தில் ஒருமுறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வருகிறார்கள். கரிசல் வெயிலில் வேகிறவர்களுக்குக் குளிர்ந்த காற்றை அனுபவிக்க உரிமை இல்லையா? போகிறவர்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

மலைச்சாலையில் விபத்து நடந்தால் அடுத்து நடப்பது நமக்கு மனப்பாடம். மந்திரிகளின் அனுதாபம், நிவாரண அறிவிப்பு, டிரைவர்மீது வழக்கு. அத்துடன் பைல் மூடப்படும். டிரைவர் தூங்கினான், வேகமாக வந்தான், பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். இருக்கலாம். பழக்கமில்லாத டிரைவரை இரவெல்லாம் கண்விழிக்க வைத்து மறுநாள் மலையேற அனுப்பும் பஸ் முதலாளிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சாலையை யாரும் விசாரணைக் கூண்டில் ஏற்றுவதில்லை!

நான் எஞ்சினீயர் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றவன். ஆயினும் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஓடைச் சரிவில் இறங்குவதைப் பார்த்தவனுக்கு இந்த விஷயம் புரியும். வளைவில் வண்டி வெளிப்புறமாகச் சாயப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகையால் சாலையின் வெளி விளிம்பை உயர்த்தி, உள்பக்கமாகச் சரிவு கொடுக்க வேண்டும். எதிரே வரும் வண்டி முன்கூட்டியே தெரியும்படி மறைப்பை வெட்டி ஒதுக்க வேண்டும். நீண்ட பஸ் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கம் வெட்டி வரும். அதற்காக வளைவில் அகலம் கூடுதலாக வேண்டும்.

இவையெல்லாம் இந்திய சாலைக் காங்கிரஸ் மலைச்சாலைகளுக்கென வகுத்த விதிகளில் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவழி தேசிய நெடுஞ்சாலையானால் வளைவின் உச்சியில் 11.5 மீட்டர் அகலம் வேண்டும். வளைவுக்குள் ஏற்றம் நாற்பதுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்க 60 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆனால் 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட தடத்தின்மேல் தார் ஊற்றி, 12 மீட்டர் நீள பஸ்ஸை அனுப்பினால், அந்தக் கணக்கு எங்கே பொருந்தும்?

மலையுச்சிக்குப் போகாதவனுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் கோவில்பட்டி வழியாக ஓடும் அதே 44-ம் எண் நெடுஞ்சாலைதான் வடக்கே தருமபுரி மாவட்டத்தில் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. நீண்ட இறக்கம், அதிலேயே வளைவு. டீசலை மிச்சப்படுத்த கியரை விடுவித்து நியூட்ரலில் லாரியை உருட்டுகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. முன்னால் போகும் கார்கள் நொறுங்குகின்றன. ஏன் டீசலை மிச்சம் பிடிக்கிறான்? வாடகையும் படியும் அவன் கழுத்தை நெரிக்கின்றன. அந்தப் பழக்கம் தவறுதான். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் வெவ்வேறு டிரைவர்கள் வருஷக்கணக்காகக் கவிழ்ந்தால், குற்றம் டிரைவரோடு நிற்குமா? தொப்பூரில் உயர்மட்டச் சாலை போட்டுத் தடத்தையே மாற்ற இப்போது திட்டம் வகுத்திருக்கிறார்கள். கோளாறு சாலையிலும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சியம் எதற்கு?

அப்படியானால் மலையைக் குடைந்து நான்குவழிச் சாலை போட்டுவிடலாமா என்றால், கூடாது என்பேன். இதே மரப்பாலத்தில் 1993 நவம்பரில் மலை சரிந்து சாலையை அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். கண்டபடி மலையை வெட்டினால் காண்ட்ராக்டருக்கு லாபம். அடிவாரக் குடிசைக்குச் சாவு. வேண்டியது முழு மலையையும் அகலப்படுத்துவதல்ல. ஆள் சாகும் வளைவைச் சரிசெய்வது, ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட இடம் அமைப்பது, மழைநீர் சாலையை அரிக்காமல் வடிகால் கட்டுவது, பஸ் மோதினாலும் தாங்கும் தடுப்பைப் பள்ளத்தோரம் நிறுத்துவது. இன்றைக்குப் பல இடங்களில் தடுப்பு என்ற பெயரில் நிற்பது வெள்ளையடித்த கல். மோதினால் கல்லும் சேர்ந்து உருளும்.

சர்க்கார் முதலில் ஒரு காரியம் செய்யட்டும். தமிழகத்தின் ஒவ்வொரு மலைச்சாலையிலும் ஒவ்வொரு வளைவையும் அளந்து, ஆரம், அகலம், ஏற்றம், அங்கே நடந்த விபத்துக்கள் ஆகியவற்றைத் தமிழில் வெளியிட வேண்டும். விதிக்குக் குறைந்த வளைவு எது, அதைத் திருத்தும் தேதி எது என்பதும் அதில் இருக்க வேண்டும். விபத்து விசாரணையில் போலீசோடு, அந்தச் சாலையைப் பராமரிக்கும் இலாகாவைச் சேராத ஒரு எஞ்சினீயரும் உட்கார வேண்டும். அடுத்த கோடை சீசனுக்கு நம் ஊர்ப் பெண்கள் பஸ் ஏறுவதற்குள் அந்தப் பட்டியல் வெளிவரட்டும்.