ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் எத்தனை பாடல்கள் இருக்கின்றன என்று கேட்டால் உடனே பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். அவற்றுள், தொலைந்தால் மீண்டும் கிடைக்காதவை எத்தனை என்று கேட்டால்?

என்னிடம் பயிலும் படிவம் நான்கு மாணவர் ஒருவர், தம் பாட்டி உயிரோடு இருந்தபோது பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். இணையச் சேமிப்பகத்தின் வழி அதே கோப்பு வீட்டுக் கணினியிலும் இருந்தது. ஒருநாள் கைப்பேசியில் இடம் போதவில்லை. ‘கணினியில்தான் இருக்கிறதே’ என்று அந்தக் கோப்புறையை அழித்துவிட்டார். சில மாதங்கள் கழித்துத் தேடியபோது கணினியிலும் இல்லை. அழித்தவற்றைச் சில நாள்கள் வைத்திருக்கும் குப்பைத்தொட்டியும் காலியாகியிருந்தது.

இதில் கணினியின் தவறு ஏதுமில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே நிலையில் வைத்திருப்பதுதான் ஒத்திசைவின் வேலை. ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் சேரும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். ஆகவே, ஒத்திசைவைக் காப்பு நகல் என்று நம்புவது தவறு என்பதே என் கருத்து.

“இணையத்தில் ஏற்றிவிட்டேன், பத்திரமாக இருக்கும்” என்று நினைக்கிறீர்களா? மைஸ்பேஸ் தளத்தில் இசைக் கலைஞர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிவைத்த பாடல்கள், சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோன செய்தி 2019-இல் வெளிவந்தது. வேறு நகல் வைத்திராதவர்களுக்கு அவை போனவை போனவைதாம். சந்தா செயலியில் பதிவிறக்கிய பாடல்களும் அப்படித்தான். சந்தா நின்றால் அவை ஒலிக்கமாட்டா.

எல்லாவற்றையும் பாதுகாக்கச் சொல்லவில்லை. திரைப்பாடலை நாளையும் தேடிப் பெறலாம். நீங்கள் வாசித்த மிருதங்கம், தாத்தா சொன்ன தோட்டத்துக் கதை, பாட்டியின் பாட்டு ஆகியவற்றைத் தனிக் கோப்புறையில் பிரித்து வையுங்கள். அவற்றுக்கு மூன்று நகல்கள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்களிலாவது இருக்க வேண்டும். ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் புகுந்தால் கணினியும் பென் டிரைவும் சேர்ந்தே நனையும் அல்லவா?

இடம் போதுமா? கணக்கிடுவோம். குறுந்தட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள். நான்கு நிமிடப் பாடலுக்கு ஏறக்குறைய 42 மெகாபைட் ஆகும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. 32 ஜிகாபைட் பென் டிரைவில் முழுத் தரத்திலேயே எழுநூறு பாடல்கள் அடங்கும். சுருக்கும்போது, நம் காது எளிதில் உணராத ஒலித் தகவல்கள் நீக்கப்படுகின்றன. பிறகு என்ன செய்தாலும் அவை திரும்பி வாரா. அதனால் மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள்.

கோப்பின் பெயரில் பாடியவர், நாள், இடம் மூன்றையும் எழுதுங்கள். ‘பதிவு 0017’ என்றிருந்தால், பத்து ஆண்டுகளுக்குப் பின் அது யார் குரல் என்று எப்படித் தெரியும்?

அந்த மாணவர் இப்போது தம் தாத்தாவின் குரலைப் பதிவு செய்து, மூன்று நகல்கள் வைத்திருக்கிறார். நீங்களும் வரும் சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நகலெடுத்ததும் அதைத் திறந்து முழுவதும் கேட்டுப் பாருங்கள். கேட்டுச் சரிபார்த்த பிறகே கைப்பேசியில் உள்ளதை அழிக்கலாமா என்று யோசியுங்கள்.