பார்க்கச் செல்வோரும் காவலரே

கடலில் மூழ்குவோர் என்றால் நம் முன்னோர்க்கு முத்துக்குளிப்போரே நினைவுக்கு வருவர். மூச்சடக்கி இறங்கிச் சிப்பியுடன் மீள்வது அவர்தம் தொழில். இன்றோ, காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து, கண்டு களிப்பதற்காகவே கடலுள் இறங்குவோர் பெருகியுள்ளனர். ஸ்கூபா எனப்படும் இம்முறையால் பவளப்பாறைகள் அழியும் என்றும், காக்கப்பட்ட பகுதிகளுள் எவரையும் விடலாகாது என்றும் கூறுவோர் உளர். அக்கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் சுலு கடல் நடுவே துப்பத்தகா என்னும் பவளத்திட்டு உள்ளது. நீர் வற்றும்போது வெளிப்படும் நெடுந்திட்டு என்பது சாமா மொழியில் அப்பெயரின் பொருள். 1980களில் வெடிவைத்து மீன்பிடிப்போரால் அதற்கு அழிவு நேர்ந்தது. அதனைக் காக்க வேண்டுமெனக் குரல் கொடுத்தோருள் ஸ்கூபா முக்குளிப்போரும் இருந்தனர். கண்டவர்க்கன்றோ அதன் அருமை தெரியும்!

1988இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று 97,030 ஹெக்டேர் பரப்பில் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. கடல் அமைந்திருக்கும் மார்ச் முதல் ஜூன் வரையே பார்வையாளர் செல்கின்றனர். பாறை மீது நங்கூரம் பாய்ச்சலாகாது. படகுகளை மிதவைகளில் கட்டவேண்டும். பார்வையாளர் செலுத்தும் கட்டணம், ஆண்டு முழுவதும் அங்குத் தங்கிக் காக்கும் காவலர்க்குத் துணையாகிறது.

எனினும், கட்டணம் செலுத்தியவர் எதையும் செய்யலாம் என்பதன்று. பவளம் உயிர்களின் கூட்டம். அவற்றுள் திரண்டு பருத்து வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வன. முக்குளிப்போர் காலில் அணியும் துடுப்பின் ஓர் உதை பல்லாண்டு வளர்ச்சியை முறித்துவிடும். ஆதலின், நீருள் உடலை நிலைநிறுத்தக் கல்லாதவர் அங்கு இறங்காதிருத்தலே அறம்.

2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இத்திட்டில் மோதிற்று. 2,345 சதுர மீட்டர்ப் பரப்பு பாழாயிற்று. அக்கப்பலின் பெயர் கார்டியன், அதாவது, காவலன்! துண்டு துண்டாக அறுத்தே அதனை அகற்றினர். 2015இல் ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சம் பெசோ இழப்பீடாகக் கிடைத்தது. ஆயினும், பணம் பவளத்தை ஒரு நாளில் வளர்த்துவிடுமோ?

பெயரளவில் காவலராய் இருப்பதால் பயனில்லை. அறிந்த கண்கள் வந்துபோகாத கடலில் வெடிவைப்போரே துணிவு கொள்வர். ஆகவே, கற்றவர் செல்லட்டும், தொடாமல் காணட்டும், எடுக்காமல் மீளட்டும். தாம் கண்டதைக் காணாதவர்க்கு எடுத்துரைத்தலும் அவர்தம் கடமை என்போம்.